தம்பியின் மூச்சை எண்ணியவர்

கீழ்பென்னாத்தூரில் அறுவடை முடிந்த நிலம் அது. சுற்றிலும் மண் பொலபொலவென்று கிடக்க, நடுவில் மட்டும் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடிக் களம் ஆக்கியிருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு டிராக்டர் டிரெய்லரை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அதன் இரும்புப் பலகை வெயிலில் காய்ந்து, புடவையைத் தாண்டிச் சுட்டது.

என் தம்பி ஏழுமலை நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் ஏறினான். "கபடி கபடி கபடி கபடி" என்று அவன் குரல் கேட்டது. கூட்டம் விசிலடித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் தோளைத் தட்டி, "உன் தம்பியா அது? இன்னா ஸ்பீடு பாரேன்!" என்றாள்.

அவன் பிறந்ததிலிருந்து நான் கேட்ட குரல் அது. அவன் இவ்வளவு வேகமாகப் பாடுகிறவன் இல்லை.

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த போளூர் வாசகி ஒருவர், "ஓடி ஓடிப் பந்தி கவனித்த தம்பி என்று ஒருவரைச் சொன்னீர்களே, அதற்கப்புறம் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா தாயே, இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து நான் அவனைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். நேரே போக தைரியம் வரவில்லை. கேட்டுவிட்டீர்கள், எழுதிவிடுகிறேன்.

குடை மாமா

என் கணவர் தணிகாசலத்துக்கு விளைச்சல் கணக்கெடுக்கும் அரசாங்க வேலை. வேலூர்ப் பக்கத்துக்காரர். எழுபதுகளில் மாற்றலாகித் திருவண்ணாமலைக்கு வந்தார். அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். ஒரு நிலத்தில் ஒரே ஒரு துண்டைக் கயிறு கட்டி அளந்து, அதில் இருக்கும் மல்லாட்டையை மட்டும் பிடுங்கி எடை போடுவார். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அப்படிச் சில துண்டுகளைப் பார்த்துவிட்டு, தாலுகா முழுக்க எவ்வளவு விளைந்திருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவார்.

கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெரிய மோசடியாகத் தெரிந்தது.

"ஒரு மூலையில புடுங்கிட்டு ஊர்க் கணக்க எப்டிங்க எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"எந்த மூலைன்னு நான் முடிவு பண்ணக் கூடாது வேதா. அதான் விஷயம். நானா பாத்து எடுத்தா, நல்லா விளைஞ்ச எடமாத்தான் கை போவும். சீட்டு எடுக்கற மாதிரி எடுக்கணும்," என்றார்.

எண்ணுவது அவருக்கு வேலை மட்டுமில்லை, வியாதியும்கூட. கோபுரத்துப் புறாக்களை எண்ணுவார். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணுவார். அந்த நாளில் பௌர்ணமிக்கு இப்போது மாதிரி கூட்டம் கிடையாது, அதனால் எண்ண முடிந்தது. நான் சுடும் தோசையைக்கூட எண்ணுவார். அதை மட்டும் மனதுக்குள் எண்ணச் சொல்லி ஒருநாள் சத்தம் போட்டேன்.

வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதனால் ஏழுமலை அவருக்குக் குடை மாமா என்று பெயர் வைத்தான்.

என் அம்மா வீடு அடி அண்ணாமலை. அப்பா இல்லை. அம்மாவும் ஏழுமலையும் கொஞ்சம் மேட்டு நிலமும்தான். மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. ஏழுமலை பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். தேடிக்கொண்டிருந்தான் என்பது அம்மாவுக்குச் சொன்னது. உண்மையில் கபடி ஆடிக்கொண்டிருந்தான்.

அவன் ஆடிய டீமுக்கு கேப்டன் அன்வர். டவுனில் சின்னக்கடைத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அவன் அப்பா காலத்துக் கடை. கடையில் அவன் இருந்ததைவிட மைதானத்தில் இருந்ததுதான் ஜாஸ்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அவர்கள் ஆடுவதைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "திறமை இல்லாம தோக்கல வேதா. எதிராளியப் பாக்காம ஆடறானுங்க," என்றார்.

எதிராளி எங்கே தொடுவான்

இப்போது டிவியில் வரும் கபடியில், பாடிப் போகிறவருக்கு அரை நிமிடம்தான் கெடு. அப்போது அதெல்லாம் இல்லை. மூச்சு இருக்கிற வரைக்கும் எதிர்ப் பக்கத்தில் நிற்கலாம். யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் பாயிண்ட். வழியில் மூச்சு விட்டால் அவுட்.

என் கணவர் ஆபீசில் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் களத்தைக் கட்டம் கட்டமாக வரைந்தார். எதிர் டீமில் பாடி வருகிறவன் எந்தப் பக்கம் ஏறுகிறான், எந்தக் காலை முதலில் வீசுகிறான், எந்த மூலையில் தொடுகிறான் என்று புள்ளி வைத்தார். ஒரே மூச்சில் எத்தனை 'கபடி' சொல்கிறான் என்பதையும் குறித்தார்.

"கடிகாரத்துல நேரம் பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கடிகாரத்தப் பாத்தா ஆட்டத்தப் பாக்க முடியாது. காது எண்ணிக்கினு இருந்தா கண்ணு சும்மாதான இருக்கும்," என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முதலில் அன்வர் சிரித்தான். "மல்லாட்ட எண்றவரு கபடிய எண்ண வந்துட்டாரு" என்று மைதானம் முழுக்கச் சொன்னான். என் கணவர் கோபித்துக்கொள்ளவில்லை. செங்கத்து டீமோடு மேட்ச் இருந்தது. அதற்கு முன்னால் அவர்கள் ஆடிய மேட்சுகளையெல்லாம் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவங்கள்ல நெட்டையா ஒருத்தன் வரான் பாரு, அவன் சோத்துக் கை பக்கம் ஏறி, பீச்சாங்கை மூலையிலதான் தொடுவான். மூச்சு முடியறப்ப வேற எதுவும் தெரியாது அவனுக்கு. மூச்சு முடியற வரைக்கும் பின்னால போய்க்கினே இருங்க. நான் கொடைய மடக்குவேன். அப்ப கை கோத்து மூலைய அடைச்சிடுங்க," என்றார்.

அப்படியே நடந்தது. களத்துக்கு வெளியே குடை பிடித்து உட்கார்ந்திருந்தவர் குடையை மடக்கினார். ஏழு பேரும் சங்கிலி மாதிரி கை கோத்தார்கள். நெட்டையன் நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு விட்டான். அடுத்த தடவையும் அப்படியே மாட்டினான்.

செங்கத்துக்காரர்கள், குடைக்காரர் ஏதோ மந்திரம் பண்ணுகிறார் என்று நடுவரிடம் புகார் சொன்னார்கள். நடுவர் வந்து குடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். வெயிலில் மண்டை காய உட்கார்ந்தவர், துண்டை எடுத்துத் தலையில் போட்டு, அதை எடுத்தும் போட்டும் ஜாடை காட்டினார். சாயங்காலம் தலைவலியோடு வந்து, ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அன்வர் அவரை சார் என்றுதான் கூப்பிட்டான். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் வாங்கிய கோப்பைகளும் எவர்சில்வர் குடங்களும் சைக்கிள் கடையில் டயர்களுக்கு நடுவே தொங்கின.

நம் ஆளையும் எண்ணு

"நம்மள நாம எண்ணலன்னா, எதிராளி எண்ணிடுவான்," என்று சொல்லி, என் கணவர் எங்கள் ஆட்களையும் எண்ண ஆரம்பித்தார்.

ஏழுமலையின் பலமே மூச்சுதான். நிதானமாகப் பாடுவான். தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரே சீராக வரும். எதிர் டீமுக்குப் பொறுமை போய், யாராவது ஒருவன் முன்னால் பாய்வான். அவனைத் தொட்டுவிட்டு இவன் சாவகாசமாகத் திரும்பி வருவான். சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் தனியாகப் பாடிப் பழகுவான். அந்தச் சத்தத்தில் நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், தூங்கியும் இருக்கிறேன்.

மூன்றாவது சீசனில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வேதா, உன் தம்பிக்கு மூச்சு கம்மியாவுது."

"வெயில்ல எல்லாருக்கும்தான் கம்மியாவும்."

"மத்தவங்களுக்கு ஆவலையே. இவனுக்கு மட்டும் மேட்சுக்கு மேட்ச் எறங்குது. இது வெயில் இல்ல."

ஏழுமலையைக் கேட்டால் சிரித்தான். "அக்கா, மாமா மல்லாட்டைய எண்ணட்டும். என்ன இன்னாத்துக்கு எண்றாரு?" என்றான். ஆனால் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்தான். நான் பார்த்துவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி ஜுரம் வந்துச்சா இவருக்கு?" என்றார்.

வந்தது. எனக்கு நன்றாக நினைவிருந்தது. முட்டி இரண்டும் பந்து மாதிரி வீங்கி, அம்மா நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள். கொஞ்ச நாளில் எழுந்து ஓடினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் மறந்தே போனோம். அந்த ஜுரம் போகும்போது அவன் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது.

ஆபரேஷன் செய்ய வேண்டும், வேலூருக்கோ மெட்ராசுக்கோதான் போக வேண்டும், அதுவரை மாத்திரை சாப்பிட வேண்டும், ஓடவே கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். "அக்கா, பசிக்குது, பன் வாங்கிக் குடு," என்றான் ஏழுமலை.

அறுபதுக்குக் கீழே போனால்

ஆபரேஷனுக்கு எங்களால் ஆகாது. இலவசமாகச் செய்கிற இடத்தில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனை காலம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்வர் ஒரு யோசனை சொன்னான். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய மில். அவர்களுக்குச் சொந்தமாகக் கபடி டீம் உண்டு. நல்ல ஆட்டக்காரனைப் பார்த்தால் வேலை கொடுத்துக் கூட்டிப்போவார்கள். வேலையில் சேர்ந்துவிட்டால் வைத்தியச் செலவெல்லாம் மில்லுடையது. அறுவடை முடிந்து கீழ்பென்னாத்தூரில் நடக்கும் போட்டிக்கு அந்த மில்லிலிருந்து ஆள் வருவார்.

"வெளையாண்டாத்தான் வேலை. வேலை கெடச்சாத்தான் ஆபரேஷன். வேற வழி இருந்தா சொல்லுங்க மாமா, நிறுத்திடறேன்," என்றான் ஏழுமலை.

என் கணவரிடம் வேறு வழி இல்லை. என்னிடமும் இல்லை. அம்மாவிடம் நாங்கள் பாதியைத்தான் சொல்லியிருந்தோம்.

கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஏழுமலை எல்லாத் தடவையும் பாடிப் போகக் கூடாது. எதிர் டீமில் எந்த மூலை அசந்திருக்கிறது என்று பார்த்து இவர் ஜாடை காட்டும்போது மட்டும் போக வேண்டும். "ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன் மச்சான். அறுபதுக்குக் கீழ போச்சுன்னா, அன்னிக்கோட நிறுத்திடணும். மில்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். கை மேல அடி."

ஏழுமலை கை மேல் அடித்துச் சத்தியம் செய்தான்.

அதற்கப்புறம் எண்ணிக்கை குறையவே இல்லை. அறுபதைத் தாண்டியே இருந்தது, சில நாள் எழுபதுகூட வந்தது. என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஒருநாள் அல்வா வாங்கி வந்து, "மாத்திரை வேலை செய்யுது வேதா!" என்றார். நான் பெரிய கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றினேன். பெண்கள் பிராக்டீஸ் பார்க்கப் போகிற வழக்கம் கிடையாது. அதனால் அவன் பாடுவதை நான் அந்தச் சமயத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

டிரெய்லரிலிருந்து இறங்கினேன்

கீழ்பென்னாத்தூரில் ஃபைனல் அன்றுதான் கேட்டேன்.

முன்பெல்லாம் அவன் ஒரு 'கபடி' சொல்கிற நேரத்தில் இப்போது இரண்டு சொன்னான். சொல் சொல்லாக இல்லாமல் அரைத்துக்கொண்டு வந்தது. தொட்டதும் பறந்தடித்துத் திரும்பினான். முன்பு அவன் திரும்பி வந்ததை ஓட்டம் என்றே சொல்ல முடியாது.

நான் டிரெய்லரிலிருந்து குதித்தேன். "எங்கடி போற?" என்று யாரோ கேட்டார்கள். ஆண்கள் நின்றிருந்த கூட்டத்துக்குள் புகுந்து, அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு என் கணவரிடம் போனேன். தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அறுபத்தெட்டு வேதா! பாத்தியா?"

"அவன் வேகமாப் பாடறாங்க. உங்க காதுல விழலையா?"

அவருக்கு எங்கே விழும்? கோயில் மேளமும் கல்யாண மேளமும் அவர் காதுக்கு ஒன்றுதான். எத்தனை என்று எண்ணும் அந்தக் காது, எப்படி என்று கேட்காது.

"எண்ணாதீங்க. கை வாட்ச்சப் பாருங்க," என்றேன்.

ஏழுமலை மறுபடி ஏறினான். இந்தத் தடவை என் கணவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து வாட்ச்சின் விநாடி முள்ளையே பார்த்தார். அவன் திரும்பி வந்ததும் கூட்டம் கத்தியது. இவர் தலை நிமிரவில்லை.

"முன்ன நிக்கற நேரத்துல பாதி," என்றார். "பாதிகூட இல்ல வேதா."

இடைவேளையில் ஏழுமலை தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாய்ந்து இருந்தது. எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"எண்ணிக்கதான கேட்டீங்க மாமா. கொறையலையே," என்றான். சிரிக்கப் பார்த்தான்.

என் கணவர் அத்தனை ஆண்கள் முன்னாலும் மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்வர் ஏழுமலையின் தோளை அழுத்தி, "நீ போதும், உக்காரு," என்றான்.

"பாய், ரெண்டே ரெண்டு தடவை. மில்லுக்காரர் பாத்துக்கினு இருக்காரு."

"பாக்கட்டும். நீ எழுந்தா நான் டீமையே வெளிய கூட்டிக்கினு போயிடுவேன்."

இரண்டாவது பாதியில் தோற்றோம்.

கோயம்புத்தூர் பஸ்

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது மில்காரர் எங்களைத் தேடி வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட அமைதியான மனிதர்.

"அந்தத் தம்பிய ஏனுங்க உக்கார வெச்சுப்போட்டீங்க?" என்றார்.

"கால் சுளுக்குங்க," என்று அன்வர் கூசாமல் சொன்னான்.

"காலு செரியானதும் மில்லுக்கு வரச் சொல்லுங்க. போன மாசமே இவரு ஆட்டத்தைப் பாத்துட்டனுங்க. எடுக்கறதுன்னு முடிவு பண்ணித்தான் வந்தேன்."

நான் அந்த மல்லாட்டை நிலத்திலேயே விழுந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். அன்று அவன் பாடிப் போயிருக்கவே வேண்டியதில்லை. அதை நினைத்து ஆத்திரம் வந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

புதுச் சட்டை தைத்தோம். அம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அன்வர் கடையைப் பூட்டிவிட்டு அவனோடு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினான்.

மூன்றாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள்.

"பஞ்சுத் தூசி ஒத்துக்கலம்மா. நானே வேணாம்னுட்டேன்," என்று ஏழுமலை அம்மாவிடம் சொன்னான். அம்மா திட்டினாள்.

மறுநாள் நான் சைக்கிள் கடைக்குப் போனேன். அன்வர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வேலைல சேக்கறதுக்கு முன்னாடி டாக்டர் பாக்கணும்னாங்கக்கா. மில் டாக்டர் நெஞ்சுல கொழாய வெச்சாரு. அவ்ளோதான். சட்டையப் போட்டுக்கோன்னுட்டாரு."

எத்தனை எண்ணினோம். எத்தனை கட்டம் போட்டோம். வேலை கொடுக்கிறவன் முதலில் உடம்பைப் பார்ப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் கணவருக்கும் தோன்றவில்லை. அரசாங்க வேலையில் சேர அவரே டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி நின்றவர்தான்.

அடுத்த சீசன்

அடுத்த சீசனில் ஏழுமலை என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்க ஆரம்பித்தான். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருந்தோம். போகும்போதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். இப்போது இவர் களத்தைப் பார்ப்பார், அவன் வாட்ச்சைப் பார்ப்பான்.

கீழ்பென்னாத்தூர் டீமில் கோவிந்தன் என்று ஒரு பையன் பெரிய ஆளாக வந்துகொண்டிருந்தான். ஒல்லியாக, காற்று மாதிரி இருப்பான். அவனை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அன்வரின் கவலை. இவர்கள் இரண்டு பேரும் அவன் ஆடிய மேட்சையெல்லாம் போய்ப் பார்த்தார்கள். கடைசியாக, அவர்களோடு மேட்ச் இருந்த அன்று காலையில், ஏழுமலை அன்வரிடம் சொன்னான்: "பாய், அவனுக்கு மூச்சு எறங்கிக்கினே போவுது."

அன்வர் துள்ளினான். "அப்டியா! அப்ப பின்னால போய்ப் போயி இழுக்கலாம். அவனே மூச்சு விட்டுடுவான். கப்பு நம்மளுதுடா!"

ஏழுமலை எழுந்து, நடுவில் நின்று நின்று, களத்தைக் கடந்து எதிர் டீம் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனான். கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசினான். திரும்பி வர வெகு நேரம் ஆனது.

"எதிராளிகிட்ட போயி இன்னாடா சொன்ன?" என்று அன்வர் கத்தினான்.

"மூச்சு கம்மியாவுது, டாக்டரப் பாருன்னேன்."

"மேட்ச் முடிஞ்சி சொல்லக் கூடாதா?"

"முடிஞ்சப்புறம் கேக்க மாட்டான் பாய். ஜெயிச்சா சந்தோஷத்துல கேக்க மாட்டான். தோத்தா, தோத்ததுக்குச் சொல்றோம்னு நெனைப்பான்."

என் கணவர் இதை வீட்டில் வந்து சொன்னார். கோவிந்தன் அன்று ஆடினான். ஜெயித்தார்களா, தோற்றார்களா என்று நான் கேட்கவே இல்லை.

ஐப்பசி மழையில் ஏழுமலை எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஒருநாள் காலை டீ கேட்டான். போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டான். டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மெட்ராசில் அவன் முறை வரவே இல்லை.

கருமாதி அன்று வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்வர்தான், "கோவிந்தன்க்கா, கீழ்பென்னாத்தூரு," என்றான்.

கொஞ்சம் சதை பிடித்திருந்தான். கண்ணில் தெளிவு இருந்தது. ஏழுமலை சொன்ன வாரமே அவன் அம்மா அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கிறாள். டி.பி. என்று சொல்லி, கவர்மென்டிலேயே ஊசியும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் வந்தாய் என்றாராம் டாக்டர்.

"அண்ணன் சொல்லலன்னா நான் செத்துப் போயிருப்பேன்க்கா," என்று சொல்லி அழுதான்.

என் கணவர் அவனைக் கட்டிக்கொண்டார். அன்வர் நாற்காலி எடுத்துப் போட்டான். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள், ஏழுமலையே எழுந்து வந்துவிட்டது போல.

கோவிந்தன் இப்போதும் இருக்கிறான். பேரன் பேத்தி எடுத்துவிட்டான். வருஷா வருஷம் ஐப்பசியில் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்து, எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். இன்றைக்கு அது பொய் இல்லை.

ஆனால் அன்று அவன் என் வீட்டில், என் தம்பிக்குப் படைத்த கூடத்தில் உட்கார்ந்து, அவ்வளவு நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்கு இலை போட்டேன். சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.